விடியற்கால ஜெபத்துக்கு முந்தின ராத்திரி

ஞாயிறு பள்ளி ஆசிரியர்

எல்லோருக்கும் தோத்திரம். "அதிகாலையில், இருட்டோடே எழுந்து" என்கிற மாற்கு 1:35-ஐ வைத்துத்தான் நம் சபைகளில் தனி ஜெபத்தைச் சொல்லிக்கொடுக்கிறோம். அதற்கு முந்தின ராத்திரியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காலை 5 மணி ஜெபம் தவறிப்போவது இரவு பதினொன்றரைக்கு, கையில் போன் இருக்கும்போதே முடிவாகிவிடுகிறது.

படுக்கும் முன்னே மறுநாள் பகுதியில் நாடாவை வைத்து வேதத்தை மேசையில் எடுத்துவையுங்கள். பக்கத்தில் ஒரு பென்சில், ஒரு துண்டுச் சீட்டு. போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடக்கட்டும். எழுப்புவதற்குத் தனி அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். போனிலேயே வேதம் வாசிக்கலாமே என்பார்கள். வாசிக்கலாம், வசனத்தின் மேலேயே வாட்ஸ்அப் செய்தி வந்து விழும் வரைக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஒரு மணி நேரம் என்று பொருத்தனை பண்ண வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலத்தில் அப்படித் தொடங்குகிறவர்கள் ஈஸ்டர் திங்களோடு நிறுத்திவிடுகிறார்கள். 15 நிமிடம் போதும்: 2 நிமிடம் சும்மா இருப்பது, 6 நிமிடத்தில் எட்டுப் பத்து வசனத்தை இரண்டு தரம் நிதானமாக வாசிப்பது, மீதி 7 நிமிடம் ஜெபம். இது ஒரு மாதம் நிலைத்த பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

விண்ணப்பக் குறிப்பில் 40 பேர் இருந்தால் தினமும் 40 பேரையும் ஓட்டாதீர்கள். அது வருகைப்பதிவேடு வாசிப்பது மாதிரி ஆகிவிடும். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஆறேழு பேர் என்று பிரித்துக்கொண்டால் ஒவ்வொருவர் காரியத்தையும் நினைத்துப்பார்க்க நேரம் கிடைக்கும். ஞாயிறு துதிக்கு மட்டும்.

துண்டுச் சீட்டு எதற்கென்றால், கண்ணை மூடின மூன்றாம் நிமிடம் கேஸ் புக் பண்ண வேண்டியது ஞாபகம் வரும். அதை விரட்டிப் பார்த்தால் போகாது. "கேஸ்" என்று எழுதிப் போட்டுவிட்டுத் திரும்பினால் அடங்கிவிடும்.

தியான இல்லத்தில் உதவி செய்பவர்

ராத்திரியைப் பற்றிச் சொன்னீர்களே ஐயா, எங்கள் பக்கத்திலும் அதே பேச்சுதான். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியாரின் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் இதற்கென்றே ஒரு குறிப்பு உண்டு: படுத்தபின், தூக்கம் வருமுன், ஓர் அருள்நிறை மரியே சொல்லும் நேரத்துக்கு, எத்தனை மணிக்கு எழ வேண்டும், எதைத் தியானிக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், அரை நிமிடம் கூட ஆகாது.

காலையிலும் போனவுடன் முழங்காலிட்டுவிடாதீர்கள். செபிக்கும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னாலேயே, ஒரு பரலோக மந்திரம் (உங்கள் பக்கத்தில் பரமண்டல ஜெபம்) சொல்லும் நேரம் நின்று, ஆண்டவர் என்னைப் பார்க்கிறார் என்று உணர்ந்த பிறகு உள்ளே போவது முறை. சமையலறைப் பரபரப்பு அங்கேயே கழன்றுவிடும். ஒரு வசனத்தில் மனம் ஒட்டிக்கொண்டால் அங்கேயே தங்கலாம். பகுதியை முடித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பலரும் இடறுவது வறட்சி வரும்போது. ஒன்றும் உறைக்கவில்லை, எப்போது முடியும் என்று கடிகாரத்தையே பார்க்கத் தோன்றும். இஞ்ஞாசியார் சொல்லும் மருந்து கசப்பானது: அப்படிப்பட்ட நாளில் குறித்த நேரத்துக்கு மேலும் கொஞ்சம் இருக்க வேண்டும். அவர் பேசுவது ஒரு மணி நேரத் தியானத்தைப் பற்றி. நமது 15 நிமிடத்துக்கு 1 நிமிடம் கூட்டினால் போதும். ஒரு நாள் நேரம் முடியுமுன் செபத்தை விட்டு எழுந்துவிட்டால், மறுநாள் இன்னும் சீக்கிரம் விட்டு எழச் சொல்லும் மனசு.

முடிந்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்தோ உலாவிக்கொண்டோ, செபம் எப்படிப் போனது என்று பார்க்கச் சொல்கிறார். அவ்வளவு முடியாதவர்கள் ஒரே வரி எழுதுங்கள். எங்கே மனம் நின்றது, எங்கே ஓடியது என்று இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து

அண்ணே, "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்கிறது மத்தேயு 6:6. ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டில் எந்தக் கதவைப் பூட்டுவது? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லியின் அம்மா சூசன்னா 19 பிள்ளைகள் பெற்றவர். சமையல் மேலங்கியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டால் அம்மா ஜெபிக்கிறார், தொந்தரவு பண்ணக்கூடாது என்று அர்த்தம் என்பார்கள். நமக்குச் சேலை முந்தானை இருக்கிறது. ஆனால் அதன் அர்த்தத்தைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் பலிக்காது.

சத்தமாக ஜெபித்துப் பழகினவர்களுக்குத் திடீரென்று மௌனமாக இருந்தால் தூக்கம் வரும். வேதத்தில் சாமுவேலின் தாய் அன்னாள் செய்தது போல உதடு மட்டும் அசையட்டும், பக்கத்தில் படுத்திருப்பவர் எழமாட்டார். கட்டிலோரம் முழங்கால்படியிட்டு மெத்தையில் தலை சாய்ப்பதையும் விட்டுவிடுங்கள், அது தூங்குவதற்கான தோரணை. மொசைக் தரை என்றால் பாயை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளலாம். மூட்டுவலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு குறையும் இல்லை.

விடியற்காலையை விட, பள்ளிக்கூட வேன் போன பிறகு கிடைக்கும் 20 நிமிடம்தான் பல தாய்மாருக்கு உறுதியான நேரம். அந்த நேரத்தில் பாத்திரத்தைத் தொடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

இரவுப்பணிக்காரர்

அக்கா சொன்னது சரி. நைட் டியூட்டி முடிந்து காலை 8 மணிக்கு வருகிறவர் வீடு வந்து ஜெபிக்கப் பார்த்தால் கண் சொருகும். எழுந்தபின், மாலைக் குளியலுக்கு அடுத்து வைத்துக்கொள்வது நல்லது. "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்று, வேதத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதத்தில் 55:17 இருக்கும்போது விடியலை மட்டும் ஏன் சட்டமாக்க வேண்டும்?

வார்த்தையே வராத நாட்களுக்குச் சங்கீதம் வாசிப்பது கைகொடுக்கும். தேதியோடு 30, 30 ஆகக் கூட்டினால் நாளைக்கு ஐந்து: 7-ஆம் தேதி என்றால் 7, 37, 67, 97, 127. 30 நாளில் 150-ம் முடியும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்

நல்ல கணக்கு. 29-ஆம் தேதிதான் மாட்டும். அன்றைக்கு 119-ஆம் சங்கீதம் வரும், 176 வசனம். அதை 31-ஆம் தேதிக்குத் தள்ளிவிடுங்கள். 31 இல்லாத மாதத்தில் ஓர் எட்டு வசனப் பிரிவு மட்டும் போதும். மொத்தம் 22 பிரிவு.