சட்டமன்றத்தில் போட்ட ஓட்டை வைத்து நீதிபதியை எடைபோடலாமா?

ஏரிக்கரை (மேடிசன்):
அமெரிக்காவின் விஸ்கான்சினில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நாங்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறோம். பதவிக்காலம் 10 ஆண்டு. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. அப்படியிருக்க, முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் அந்தப் பதவிக்கு நின்றால், அவையில் அவர் எதை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்று ஒன்று விடாமல் பார்த்துவிட வேண்டும் என்கிறேன்.

2011 ஏப்ரல் 5 தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். டேவிட் பிராசர் 1979 முதல் 18 ஆண்டு சட்டமன்றத்தில் இருந்தவர். குடியரசுக் கட்சி. சபாநாயகராகவும் இருந்தார். 1998இல் ஆளுநர் டாமி தாம்சன் அவரை நீதிபதியாக நியமித்தார். 2001 தேர்தலில் அவரை எதிர்த்து ஆளே இல்லை. 2011இல்தான் உண்மையான போட்டி. அதே ஆண்டு ஆளுநர் ஸ்காட் வாக்கர், அரசு ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையை (சங்கமாகச் சேர்ந்து சம்பளம், சலுகை பேசும் உரிமை) பெரும்பாலும் பறித்த ஆக்ட் 10 சட்டத்தைக் கொண்டுவந்தார். 1993 முதல் 1996 வரை வாக்கரும் பிராசரும் ஒரே அவையில், ஒரே கட்சியில் இருந்தவர்கள். சுமார் 15 லட்சம் வாக்குகளில், மறு எண்ணிக்கைக்குப் பிறகு சுமார் 7,000 வித்தியாசத்தில் பிராசர் ஜெயித்தார். ஆக்ட் 10 வழக்கில் ஜூன் 14 அன்று 4-3 என்று தீர்ப்பு வந்தது, சட்டம் நின்றது. அந்த நால்வரில் பிராசரும் ஒருவர். என் மனைவி மாநில அரசு ஊழியர். ஓய்வூதியத்துக்கென்று 5.8 சதவீதம் புதிதாகப் பிடித்திருந்த சம்பளச் சீட்டை அவர் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சட்டப்புத்தகம்:
உங்கள் வீட்டு வருத்தம் புரிகிறது, அண்ணா. ஆனால் அந்த வழக்கில் கேள்வி என்ன? சட்டம் நல்லதா கெட்டதா என்பதல்ல. அதை நிறைவேற்றியபோது திறந்தநிலைக் கூட்ட விதிகள் (கூட்டத்தை முன்கூட்டியே அறிவித்து மக்கள் பார்க்க நடத்த வேண்டும் என்பவை) மீறப்பட்டனவா, அதற்காக நீதிமன்றம் தலையிடலாமா என்பதுதான். 1995இல் ஒருவர் வரி மசோதாவுக்குப் போட்ட ஓட்டிலிருந்து இதற்கு விடை கிடைக்குமா?

சட்டமன்ற உறுப்பினர் பக்கம் சாய்வதற்கென்றே அனுப்பப்படுபவர். தொகுதிக்காகப் பேசுவதும் கட்சியோடு நிற்பதும் அவர் வேலை. நீதிபதியின் வேலை வேறு. ‘இன்னாரோடு இத்தனை சதவீதம் ஒத்துப்போனார்’ என்று பிரச்சாரத்தில் கணக்குக் காட்டுவார்கள். அவைக்கு வரும் மசோதாக்களில் பெரும்பகுதி எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறுபவை. அவற்றையும் சேர்த்துக் கூட்டினால் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள்கூட நெருங்கிய கூட்டாளிகளாகத் தெரிவார்கள்.

ஏரிக்கரை:
சதவீதக் கணக்கு ஏமாற்று வேலை, சரி. நான் சொல்வது மசோதா மசோதாவாகப் படிப்பதை. ஒரு சனிக்கிழமை முழுக்க நூலகத்தில் உட்கார்ந்து பழைய அவைக் குறிப்புகளைப் புரட்டியவன் நான். இந்த அவைதான் 1917இலேயே மின்சார வாக்குப்பலகை வைத்தது. யார் எப்படிப் போட்டார் என்பதற்குப் பஞ்சமில்லை. ஆனால் படிக்கத் தெரிய வேண்டும். ஒரு திருத்தத்தை ஓரமாக ஒதுக்கிவைக்கும் தீர்மானத்துக்கு ‘ஆம்’ என்றால், அந்தத் திருத்தம் வேண்டாம் என்று பொருள். ‘ஆம்’ என்பதை மட்டும் எண்ணிக்கொண்டே போனேன். மத்தியானம்தான் பாதி தலைகீழாக எழுதியிருப்பது தெரிந்தது. முதலிலிருந்து மறுபடி எழுதினேன். வேலை கடினம் என்பதற்காக வேண்டாம் என்று விட்டுவிடுவதா?

பாலைவனக்காற்று (ஃபீனிக்ஸ்):
இங்கே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரைச் சொல்லாமல் எப்படி? அரிசோனா செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். அமெரிக்காவில் எந்த மாநிலத்திலும் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். 1974இல் மரிகோபா கவுண்டி நீதிபதி பதவிக்குத் தேர்தலில் நின்று ஜெயித்தார். அந்தப் பழைய ஓட்டுகளை நாடே தோண்டியது 1981இல், அதிபர் ரீகன் அவரை அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்தபோது. கருக்கலைப்பைக் குற்றமல்லாததாக்கும் 1970 மசோதா குழுவில் வந்தபோது எப்படி வாக்களித்தேன் என்று நினைவில்லை என்றார். ஆதரித்தார் என்று பழைய செய்தித்தாள்களில் இருந்தது. கடைசியில் அமெரிக்க செனட் 99-0 என்று ஒப்புதல் தந்தது.

சட்டப்புத்தகம்:
நன்றி, என் வாதத்துக்கே சாட்சி சொன்னீர்கள். 1970 ஓட்டை நம்பியவர்களுக்கு 1983இல் என்ன கிடைத்தது? ஆக்ரன் வழக்கில், கருக்கலைப்பு உரிமையை அங்கீகரித்த ரோ தீர்ப்பின் கட்டமைப்பையே கண்டித்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். அவரை எதிர்த்தவர்களுக்கு 1992இல் என்ன கிடைத்தது? கேசி வழக்கில் ரோ தீர்ப்பின் மையத்தைக் காப்பாற்றிய மூவரில் அவரும் ஒருவர். இரண்டு தரப்பும் ஏமாந்தது.

பாலைவனக்காற்று:
இரு தரப்பும் தவறான ஓட்டைப் படித்தது என்பேன். 1974இல் இன்னொன்று நடந்தது. அரிசோனா பல்கலைக்கழகக் கால்பந்து மைதானத்தை விரிவாக்கக் கடன் பத்திரம் வெளியிடும் மசோதா. அதில் பல்கலைக்கழக மருத்துவமனையில் கருக்கலைப்பு கூடாது என்று ஒரு வாசகத்தைச் செருகினார்கள். ஓ'கானர் எதிர்த்து வாக்களித்தார். மசோதாவுக்குத் தொடர்பில்லாததை அதில் ஒட்டக் கூடாது என்பது மாநில அரசியல் சாசனம் என்றார். நடைமுறையில் பிடிவாதம், எதையும் அந்தந்த வழக்கின் அளவிலேயே பார்ப்பது: பின்னாளில் 24 ஆண்டு அவர் காட்டிய குணம் அந்த ஓட்டிலேயே இருக்கிறது. கருக்கலைப்புக்கு எந்தப் பக்கம் என்று மட்டும் தேடியவர்கள் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

குடந்தைக்காரன்:
நம் பக்கம் வி.ஆர். கிருஷ்ணய்யர் இல்லையா? 1952இல் சென்னை சட்டமன்ற உறுப்பினர், 1957இல் கேரளத்தில் இ.எம்.எஸ். அமைச்சரவையில் அமைச்சர். 1973இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது பழைய அரசியலைச் சொல்லிச் சிலர் எதிர்த்தார்கள். 1975 ஜூன் 24 அன்று இந்திரா காந்தி பிரதமராக நீடிக்கலாம், நாடாளுமன்ற உறுப்பினராக ஓட்டுப் போடக் கூடாது என்று உத்தரவிட்டவரும் அவர்தான். எந்தக் கட்சிக்கும் முழுத் திருப்தி இல்லை.

ஏரிக்கரை:
நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் அவர் நியமிக்கப்பட்டவர், என்னிடம் ஓட்டுக் கேட்டு வரவில்லை. கேட்டு வருகிறவரிடம் எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. தானே கொண்டுவந்த சட்டம் தன் முன் வழக்காக வந்தால் விலகிக்கொள்வாரா? எந்தெந்தச் சட்டம் என்று தெரியவே பழைய பதிவு வேண்டும்.

சட்டப்புத்தகம்:
தானே எழுதிய மசோதா என்றால் விலகட்டும், ஒப்புக்கொள்கிறேன். வெறுமனே ஓட்டுப் போட்டதற்கெல்லாம் விலகச் சொன்னால், ஏழு பேர் நீதிமன்றம் ஆறாகி 3-3 என்று நின்றுவிடும். மாநிலம் முழுமைக்கும் பொருந்தும் தீர்ப்பே வராது.

ஏரிக்கரை:
3-3 என்றால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிற்கும். அதை ஏற்றுக்கொள்ள நான் தயார். நீங்கள் தயாரில்லை, அவ்வளவுதானே?