லாப்ரடார் குட்டி: தகப்பனுக்குச் சோதனை இல்லை, வாங்கலாமா?

வணக்கம். வாத்து வேட்டைக்கும் வீட்டுக்கும் ஒத்துவருகிற மாதிரி ஒரு லாப்ரடார் குட்டி தேடுகிறேன். பார்த்து வைத்த ஈற்றில் ஏழு குட்டிகள், வயது 7 வாரம். சுருட்டிய காலுறையை எறிந்தேன். ஒரு கறுப்புப் பெட்டை மட்டும் கவ்விக்கொண்டு நேராக என் மடிக்கே வந்தது. மனசு அங்கேயே விழுந்துவிட்டது, சரி, அதை மட்டும் நம்பி வாங்க முடியுமா?

தாய்க்கு 2 வயதுக்குப் பிறகு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள், குறை இல்லை. தகப்பனுக்கு எதுவுமே பார்க்கவில்லை. அப்புறம், கடுமையாக ஓடினால் பின்னங்கால் துவண்டு விழும் இ.ஐ.சி. என்ற மரபணுக் குறையைத் தாய் சுமக்கிறது; அதாவது தனக்கு நோய் இல்லை, குட்டிக்குக் கடத்தலாம். தகப்பனும் சுமந்தால் ஒவ்வொரு குட்டிக்கும் 25% ஆபத்து. “அவன் நன்றாகத்தானே ஓடுகிறான்” என்கிறார் வளர்ப்பவர். சுமக்கும் நாய் நன்றாகத்தான் ஓடும்!

குட்டிக்கே மரபணுச் சோதனை செய்து தரச் சொல்லலாமா? வேட்டை நாய் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.