அம்மம்மாவின்ர நாற்சார் வீட்டை இடிக்காமக் காப்பாத்த வழி இருக்கோ?

வண்ணை மகள்:

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில எங்கட அம்மம்மாவின்ர வீடு நாற்சார் வீடு, நடு முற்றத்தைச் சுத்தி நாலு பக்கமும் கட்டினது. முருகைக்கல்லு (பவளப்பாறைக் கல்லு) சுவர், சுண்ணாம்புச் சாந்து, பனைமர வளையும் (உத்திரம்) சிலாகையும் போட்ட ஓட்டுக் கூரை. வயசு நூறுக்கு மேல. அம்மாவின்ர பங்கு எனக்கு, மிச்சம் கனடாவிலயும் பிரான்ஸிலயும் இருக்கிற மாமாமாரின்ர பிள்ளையளுக்கு. அவையள் தங்கட பங்கை விக்க ஆள் பாத்திட்டினம். வாங்கிறவர் இடிச்சுப்போட்டு மண்டபம் கட்டுவாராம். போன கிழமை ஒரு வியாபாரி வந்து தூணுக்கும் கதவுக்கும் மட்டும் விலை கேட்டிட்டுப் போனார். அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை.

தொல்பொருள் திணைக்களம் இப்பிடியான வீடுகளைப் பாதுகாக்காதோ? மற்ற நாடுகளில எப்பிடிச் செய்தவை?

காரைநகரான், லண்டன்:

தங்கச்சி, முதல்ல சட்டம். எங்கட தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1940இல வந்தது. அது 1815 மார்ச் 2ஐ எல்லையாப் போட்டிருக்கு. அதுக்கு முந்தின கட்டடமெண்டா புராதனச் சின்னம். பிந்தினதை வர்த்தமானியில அறிவிச்சாத்தான் பாதுகாப்பு. அந்தத் தேதி, கண்டி இராச்சியம் ஆங்கிலேயரிட்டப் போன கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். யாழ்ப்பாணம் 1619இல போர்த்துக்கீசரிட்டயும் 1658இல ஒல்லாந்தரிட்டயும் 1795இல ஆங்கிலேயரிட்டயும் போன ஊர். எங்கட வரலாற்றுக்கு அந்தத் தேதியில ஒரு அர்த்தமும் இல்லை, ஆனா எங்கட நாற்சார் வீடுகளில பெரும்பாலானது அந்தக் கோட்டுக்கு வெளியில நிக்குது.

இங்க இங்கிலாந்திலயும் வீடுகளைக் கன காலம் கவனிக்கேல்லை. 1882இல வந்த முதல் சட்டம் கல்வட்டம், புதைமேடு மாதிரியான சின்னங்களுக்குத்தான், அதுவும் சொந்தக்காரன் விரும்பினா மட்டும். 1913 சட்டமும் ஆக்கள் குடியிருக்கிற வீட்டை விலக்கித்தான் வைச்சது. இரண்டாம் உலகப்போர்க் குண்டுவீச்சில நகரங்கள் அழிஞ்ச பிறகு, 1947 சட்டத்தோடதான் வீடுகளை ஒழுங்காப் பட்டியலிடத் தொடங்கினவை.

அதுக்கு முதல் காப்பாத்தினது தனி ஆக்கள்தான். ஒக்டேவியா ஹில், ரொபர்ட் ஹண்டர், பாதிரியார் ரோன்ஸ்லி மூண்டு பேரும் 1895இல நஷனல் ட்ரஸ்ட் எண்ட அமைப்பைத் தொடங்கினவை. அடுத்த வருசம் அவை வாங்கின முதல் கட்டடம் மாளிகையில்லை. அல்ஃபிரிஸ்டன் எண்ட ஊரில 14ஆம் நூற்றாண்டு ஓலைக்கூரை வீடு, இடியிற நிலையில இருந்தது. விலை 10 பவுண். நான் போய்ப் பாத்தனான். தரை சுண்ணக்கல்லை இடிச்சுப் புளிச்ச பால் பூசி இறுக்கினது! 1907இல பாராளுமன்றம் அவைக்கு ஒரு சட்டம் நிறைவேத்தினது: உரித்தழியாத சொத்தெண்டு அறிவிச்சதைப் பிறகு அவையாலயே விக்கேலாது. எங்களுக்கு வேண்டியது அப்பிடியான ஒரு பூட்டு.

தூணுக்கு விலை கேட்ட கதைக்கு வாறன். 1911இல டாட்டர்ஷால் கோட்டையிலயிருந்த பழைய கல் அடுப்பு முகப்புகளை வியாபாரிகள் கழட்டி விக்கக் கொண்டுபோட்டினம். இந்தியாவில வைஸ்ரோயா இருந்த கர்சன் கோட்டையை வாங்கி, அடுப்புகளையும் தேடிப் பிடிச்சுத் திரும்ப இருந்த இடத்திலயே வைச்சார். 1913 சட்டம் வாறதுக்கு அந்த ஆத்திரமும் ஒரு காரணம். அதால சொல்லுறன், ஒரு தூணையும் தனிய விக்க விடாதேங்கோ. தூண் போனா, இனி அங்க காக்க ஒண்டுமில்லையெண்டு சொல்லத் தொடங்குவினம்.

அளவெட்டி மேசன்:

பிள்ளை, கூரையைப் பாருங்கோ. ஐப்பசி மழைக்கு முதல் உடைஞ்ச ஓட்டை மாத்துங்கோ. வளை நனைஞ்சா உளுத்துப்போகும், பிறகு வீடு தானா விழும், ஆரும் இடிக்கத் தேவையில்லை.

ஆரும் சீமெந்து பூசச் சொன்னா விடாதேங்கோ. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியில விடும். சீமெந்து மேல மூடினா ஈரமும் முருகைக்கல்லில இருக்கிற உப்பும் உள்ளுக்க நிண்டு சாந்தை அரிச்சுப்போடும். நான் வேலைக்குப் போன எத்தினையோ நல்ல வீடு அப்பிடித்தான் கெட்டது. சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான்.

நல்லூர் நொத்தாரிசு:

சகோதரி, தேசவழமையை, அதுதான் யாழ்ப்பாணத் தமிழரின்ர வழமைச் சட்டத்தை, மறந்திடாதேங்கோ. 1707இல ஒல்லாந்தர் காலத்தில தொகுத்தது, இண்டைக்கும் யாழ்ப்பாணத்து ஆதனங்களில செல்லும். பங்காளி தன்ர பங்கை வெளியாளுக்கு விக்க நினைச்சா, முதல்ல மற்றப் பங்காளிக்கு அறிவிக்கவேணும். வாங்கிற முதல் உரிமை உங்களுக்குத்தான். உறுதியையும் (காணிப் பத்திரம்) தோம்பு (பழைய காணிப் பதிவேடு) விபரத்தையும் எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியிட்ட இந்தக் கிழமையே போங்கோ. அறிவித்தல் வந்தபிறகு நாள் கணக்கு ஓடும்.

வண்ணை மகள்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. முதல் உரிமை எனக்கிருக்கெண்டு ஒருத்தரும் இவ்வளவு நாளும் சொல்லேல்லை. மச்சான்மாருக்கு நாளைக்கே எழுதுறன், பங்கை ஒரேயடியா இல்லாம வருசா வருசம் தவணையில வாங்கிறனெண்டு. மேசன் ஐயா, தெற்குப் பக்கக் கூரையில மூண்டு வளை கறுத்திருக்கு. பழைய வீடு இடிச்ச இடங்களில நல்ல வைரமான பனை வளை எடுக்கலாமோ, இல்லாட்டிப் புதுசா அரியவேணுமோ?