சீஸ்மிக் சர்வே: 'அதிர்வலை அளவை' சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம்.

கடலடிப் பாறைகளில் கரியமில வாயுவைத் தேக்கிவைக்க இடம் தேடுவது பற்றிய கட்டுரைக்கு, சீஸ்மிக் சர்வே என்பதை 'நிலநடுக்க ஆய்வு' என்றே எழுதலாம் என்று இங்கே ஐயா ஒருவர் சொல்லியிருந்தார். பழகிய சொல்தான். ஆனாலும் இங்கே அது குழப்பிவிடும்.

இதில் நிலம் நடுங்குவதே இல்லை. கப்பல் இழுத்துச் செல்லும் ஏர்கன்கள் சில நொடிகளுக்கு ஒருமுறை அழுத்தக் காற்றை நீருக்குள் படாரென்று விடும். அந்த ஒலி கடல்தரைக்குள் இறங்கி, பாறையின் தன்மை மாறும் இடங்களில் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் வடங்களில் உள்ள ஹைட்ரோஃபோன்கள், அதாவது நீருக்கடி ஒலிவாங்கிகள், அதைப் பதிவு செய்யும்.

அதைவிட முக்கியம், நிஜ நிலநடுக்கத்தையும் அதே கட்டுரையில் பேசியாக வேண்டும். ஸ்பெயினின் காஸ்டோர் எரிவாயுச் சேமிப்புத் திட்டத்தில் 2013இல் கடலடியில் இயற்கை எரிவாயுவைச் செலுத்தியபோது, 4 ரிக்டருக்கு மேலும் நிலநடுக்கங்கள் வந்தன, திட்டமே நின்றுபோனது. ஆபத்துக்கும் அதைத் தவிர்க்க உதவும் சோதனைக்கும் ஒரே பெயர் என்றால் வாசகர் என்ன செய்வார்?

இதே சொல்லுக்கு இங்கே அம்மா ஒருவர் சொன்ன 'எதிரொலி ஆய்வு' அழகாக இருக்கிறது. ஆனால் கடலின் ஆழம் பார்ப்பதும் எதிரொலியை வைத்துத்தான். அதனால் 'அதிர்வலை அளவை' என்பது என் பரிந்துரை. நிலநடுக்க அலையையும் அதிர்வலை என்பதுண்டு, இயற்பியல் ஒன்றுதான் என்பதால் அதில் பிழையில்லை. 'அளவை' என்றதும் வேறுபாடு தெரிந்துவிடும். நில அளவை நமக்குப் பழக்கம்தானே.

இன்னொரு வசதி, ஃபோர்-டி சீஸ்மிக் என்பதை 'மீள் அதிர்வலை அளவை' என்று சொல்லிவிடலாம். 'நாற்பரிமாண' என்று போட்டால் ஒன்றும் விளங்காது. நான்காவதாக வருவது காலம்தான். அதே இடத்தை மறுபடி அளக்கிறார்கள். நார்வேயின் ஸ்லைப்னர் கடல் எரிவாயு வயலில் 1994இல் அளந்து வைத்திருந்தார்கள், 1996இல் கரியமில வாயுவை இறக்கத் தொடங்கினார்கள், 1999இல் மறுபடி அளந்தார்கள். உவர்நீர் நிறைந்த உட்சிரா மணற்பாறையில் வாயு புகுந்த அடுக்குகளில் ஒலி வேகம் குறைந்து, முன்பு மங்கலாக இருந்த இடங்கள் பளிச்சென்று தெரிந்தன. மேலே இருக்கும் களிப்பாறையைத் தாண்டி வாயு கசியவில்லை என்பதை இன்றும் இப்படித்தான் கண்காணிக்கிறார்கள்.

அப்புறம், அந்தக் களிப்பாறைக்கு, அதாவது கேப்ராக்குக்கு, 'தொப்பிப் பாறை' வேண்டாமே. வாயுவை மேலே விடாமல் மூடி நிற்பதுதான் அதன் வேலை. 'மூடுபாறை' என்று எழுதுகிறேன். மறுப்பு இருந்தால் கட்டுரை போகுமுன் சொல்லுங்கள்.