சோடனைப் பெட்டிக்குள்ள என்ன வச்சிருக்கீங்க?

மேட்டுலயம் (ஹட்டன்):

டிசம்பர் பொறந்தா போதும், ஹட்டன் டவுன்ல கடைக்குக் கடை பிளாஸ்டிக் உருண்டை தொங்குது. குறையா சொல்லல, எங்க வீட்டு கிறிஸ்மஸ் மரத்துலயும் பாதி அதுதான். ஆனா எந்த வீட்டுச் சோடனைப் பெட்டியைத் திறந்தாலும் கடையில வாங்காத ஒன்னு ரெண்டு அடியில கிடக்கும். இது ஏதுன்னு கேட்டா அடுப்புல தேத்தண்ணி கொதிச்சு வத்துற வரைக்கும் கதை வரும். அப்படி உங்ககிட்ட என்ன இருக்கு? நத்தார் முடியுறதுக்குள்ள எழுதுங்க. என்னோடதை நானே முதல்ல சொல்லிடுறேன்.

எங்க அப்பா தோட்டத்து ஸ்டோர்ல, அதான் தேயிலை பேக்டரியில, பெட்டியடிக்கிற வேலை பார்த்தவர். இப்ப தேயிலை கடதாசிச் சாக்குல போகுது. அப்ப பிளைவுட் பெட்டி. உள்ளுக்கு ஈயத்தாளை விரிச்சுத் தூளைக் கொட்டி, விளிம்புக்குத் தகரப்பட்டை வச்சு ஆணி அடிப்பாங்க. ஈயத்தாள்னு பேருதான், சாமான் அலுமினியம். வெட்டி விழுற ஓரத்துண்டை அப்பா சட்டைப்பையில மடிச்சுக் கொண்டு வருவார். மலிபன் பிஸ்கட் பெட்டி அட்டையில நட்சத்திரம் வெட்டி, ஈயத்தாளை மேல போத்தி, கரண்டிக் காம்பால அழுத்தி அழுத்திக் கோடு போடுவார். அஞ்சு முனையும் ஒரே நீளத்துல இருக்காது. பின்பக்கம் திருப்பினா "லிப" மட்டும் தெரியும், மத்த எழுத்தெல்லாம் மடிப்புக்குள்ள போயிருச்சு. மடிப்புல நகத்தை விட்டா இப்பவும் கறுப்பா கொஞ்சம் தூள் வரும். அது வருஷக் கணக்கான அழுக்கா, பி.ஓ.பி. தேயிலைத் தூளான்னு எங்க வீட்டுல ஒரு வழக்கு நடக்குது. நான் தூள் கட்சி.

இப்ப அது அங்கங்க மங்கி வருது. துடைக்க வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பண்டாரவளைக்காரி:

எங்ககிட்ட இருக்கிறது லெபனான் சாமான். நான் பள்ளிக்கூடம் போற காலத்துல அம்மா பெய்ரூட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாங்க. கிறிஸ்தவக் குடும்பம். டிசம்பர் வந்தா அந்த வீட்டு மரத்தைச் சோடிக்கிறது அம்மா வேலையாம். இங்க நாங்க அப்பாயியோட இருந்தோம். எங்களுக்கு மரமும் இல்ல, சோடனையும் இல்ல. மாதா கோயில் குடிலைப் பார்த்துட்டு வந்து படுத்துருவோம்.

திரும்பி வரும்போது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்துண்டு கொண்டு வந்தாங்க. அவங்க நாட்டுக் கொடியில இருக்கிற அந்தக் கேதுரு (சீடர்) மரத்து உருவம், சிவப்பு ரிப்பன் கோத்தது. அந்த வீட்டுப் பாட்டி கொடுத்ததாம், "நல்ல மனுஷி"ன்னு அம்மா இன்னும் சொல்வாங்க. எனக்கு அதைக் கண்டாலே ரொம்ப நாளைக்கு எரிச்சல்தான். அம்மா இல்லாத நத்தாருக்கெல்லாம் அதுதான் சாட்சி. இப்பவும் மரத்துக்குப் பின்பக்கமா சுவரைப் பார்த்துத்தான் மாட்டுவேன். அம்மா வந்து சத்தம் போடாம முன்னுக்கு மாத்துவாங்க. அவங்க குசினிக்குப் போனதும் நான் திரும்பப் பின்னுக்கு. இதுவரைக்கும் ரெண்டு பேரும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசினதில்ல.

பயணப்பையன்:

நான் போற ஊருக்கு ஒன்னுன்னு சேர்க்கிற ஆள். சும்மா கிடைக்கும்னு காத்துக்கிட்டு இருந்தா பெட்டி நிறையாது. ஹப்புத்தளையில அதிசம் பங்களா தெரியும்தானே, வில்லியர்ஸ் துரை 1931ல கட்டினது. இப்ப பெனடிக்ட் சபைத் துறவிகளோட மடம், அவங்க ஜாம் செஞ்சு விக்கிறாங்க. போத்தலை வாங்கி ஜாமைத் தின்னு தீர்த்துட்டு, மூடியில ஓட்டை போட்டு நூல் கோத்து மாட்டிட்டேன். செலவும் இல்ல, ஜாமும் மிச்சமில்ல.

தலவாக்கலை அக்கா:

தம்பி, ஜாம் மூடி கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா ஞாபகத்துக்குன்னே வாங்கின சாமான் என்னைக்கும் கொஞ்சம் பிகு பண்ணும். எங்க வீட்டுக்கு வந்தது யாரும் கேட்டு வாங்கினதே இல்ல.

எங்க தாத்தா துரை பங்களாவுல வேலை பார்த்த அப்பு. 1975ல கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கிட்டப்ப துரை குடும்பம் சீமைக்குக் கிளம்பிருச்சு. போற அன்னைக்குத் தொரசாணி தாத்தாவைக் கூப்பிட்டு ஒரு அட்டைப்பெட்டியைக் கையில கொடுத்தாவாம். உள்ளுக்கு அறை அறையா தடுத்து, அறைக்கு ஒன்னா கண்ணாடி உருண்டை. கோழிமுட்டையை விட லேசு. அரிசி மாவுக்கே ஆலாப் பறந்த காலம் அது. பாட்டி பெட்டியைத் திறந்து பார்த்துட்டு, "இதை அவிச்சா திங்கிறது?"ன்னு கேட்டாங்களாம். பாட்டி சாகுற வரைக்கும் தாத்தாவை அந்தக் கேள்வியாலதான் வம்புக்கு இழுப்பாங்க.

அதுக்கப்புறம் பிரிவினை வந்துச்சு. 1964ல போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துல நம்ம இந்திய வம்சாவளிக்காரங்கள்ல 525,000 பேரை இந்தியா எடுக்கணும், 300,000 பேருக்கு இங்க பிரஜாவுரிமைன்னு கணக்கு. எங்க லயத்துல அந்தக் கணக்கு காம்பரா காம்பராவா, அறைக்கு அறை வந்துச்சு. தாத்தாவுக்கு இலங்கை, அவர் தம்பிக்கு இந்தியா. சின்னத் தாத்தா குடும்பம் கோச்சி ஏறி, தலைமன்னார்ல கப்பல் ஏறி, மண்டபம் முகாம்ல கிடந்து, கடைசியா கோத்தகிரி போய்ச் சேர்ந்தாங்க. போறதுக்கு முந்தின ராத்திரி அண்ணனும் தம்பியும் உருண்டையைப் பங்கு பிரிச்சிருக்காங்க. பாத்திரம் பண்டம், கோழி எல்லாம் பிரிச்சு முடிஞ்சு கடைசியா இது. சின்னத் தாத்தா அவர் பங்கைப் பழைய வேட்டிக் கிழிசல்ல சுத்தித் தகரப்பெட்டியில சோளச் சட்டிக்குள்ள வச்சாராம். ஒன்னு கூட உடையாம கடல் தாண்டிருச்சு.

சண்டை நீல உருண்டையாலதான். ஒன்னே ஒன்னுதான் நீலம், அது எங்க பங்கு. பெட்டியைப் பார்த்தா சிவப்பு இருக்கு. அங்க கேட்டா, "உங்க தாத்தாதான் ஆசையாக் கொடுத்தார்"ங்கிறாங்க. எங்க அப்பா சாகும்போது கூட ஒத்துக்கல. இப்ப வீடியோ கோல்ல கோத்தகிரிப் பிள்ளைகள் அந்த நீலத்தை வேணும்னே கெமராவுக்கு முன்னால ஆட்டிக் காட்டுதுங்க. எங்க வீட்டுப் பொடியன்கள் இங்கருந்து கத்துவான்கள். உருண்டையோட மூடித் தகரத்துல "வெஸ்ட் ஜெர்மனி"ன்னு பொறிச்சிருக்கு. அதுல என்ன விசயம்னு யாருக்காவது தெரியுமா?

கண்டி பழஞ்சாமான்:

அக்கா, அந்தப் பொறிப்பு இருந்தா 1949க்கும் 1990க்கும் இடையில செஞ்சது. நாடு இரண்டாயிருந்த காலம் அது. இந்த ஊதின கண்ணாடி உருண்டைக்குப் பேர் போன ஊர் லௌஷா. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இதுதான் அங்க தொழில். உலகப் போருக்குப் பிறகு அந்த ஊர் கிழக்கு ஜெர்மனியில மாட்டிக்கிட்டது. கண்ணாடி ஊதுற குடும்பங்கள் பல எல்லை தாண்டி கோபுர்க் பக்கம் நோய்ஸ்டாட்டில் போய்க் குடியேறித் தொழிலைத் தொடங்கினாங்க. உங்களுடையது அப்படிப் போனவங்க கைச்சாமானாகவும் இருக்கலாம்.

பராமரிப்புக்கு வருவோம், நம்ம மலையில இதுதான் பெரிய தொல்லை. பளபளப்பு கண்ணாடிக்கு உள்பக்கம் பூசின வெள்ளியால வருது. வெளிச்சாயம் தண்ணி பட்டா கரையும். அதனால ஈரத்துணி வேண்டவே வேண்டாம். சாயம் பூசுற மெல்லிய தூரிகையால தூசியை மட்டும் தட்டுங்க. மூடியைக் கழற்றி உள்ளே விரலையோ துணியையோ விடாதீங்க. பத்திரிகைக் கடதாசியில சுத்தினா மை ஒட்டும். வெள்ளை டிஷ்யூவில சுத்தி முட்டை அட்டையில அடுக்கலாம். விறகடுப்புக்கு மேல பரண்ல வைக்கிற பழக்கம் நம்ம வீடுகள்ல உண்டு. ஈரம் ஏறாதுதான், ஆனா புகைப்பிசுக்கு ஏறினா எடுக்கவே முடியாது. மரத்தைக் கலைக்கிறதுக்கு வெயில் அடிக்கிற நாளாப் பாருங்க. மிஸ்ட் இறங்கின அன்னைக்குப் பெட்டியை மூடினா, அந்த ஈரமும் வருஷம் முழுக்க உள்ளுக்குத்தான்.

மேட்டுலயம், உங்க நட்சத்திரத்தைக் காய்ஞ்ச பருத்தித் துணியால ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. எலுமிச்சை, புளி, பிராஸோ பாலிஷ் எதுவும் கிட்டயே போகக் கூடாது. அட்டை ஊறிரும், உங்க அப்பா போட்ட கோடும் போயிரும்.

மேட்டுலயம் (ஹட்டன்):

நல்ல நேரத்துல சொன்னீங்க, எங்க அண்ணன் நேத்துதான் பிராஸோ டின்னைத் தேடிக்கிட்டு இருந்தார். ஒத்தி எடுத்துப் பார்க்கிறேன். மடிப்புக்குள்ள மட்டும் கை வைக்க மாட்டேன், தூள் அங்கேயே இருக்கட்டும்.

தலவாக்கலை அக்கா, அந்த நீலத்தோட படத்தைக் கோத்தகிரிக்காரங்ககிட்ட வாங்கிப் போடுங்களேன். யார் பங்குன்னு நாங்களும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்றோம்.