பர்ரியாடோவுக்குத் தமிழ்ப்பெயர்: ‘மெழுகல் கறி’ பொருந்துமா?

அன்புடையீர்,

பிரேசிலின் பரானா மாநிலக் கடலோர ஊர்களான மொஹேத்தஸ், அன்டோனினா, பரனகுவா ஆகியவற்றில் சமைக்கப்படும் பர்ரியாடோவைத் ‘தம் கறி’ என்று தமிழாக்கலாம் என்ற முன்மொழிவை நான் ஏற்கத் தயங்குகிறேன். பிரியாணிக்குத் தம் போடுவது சமையலின் கடைசிக் கட்டம். பர்ரியாடோவிலோ மாட்டிறைச்சி, பன்றிக்கொழுப்பு, வெங்காயம், சீரகம், பிரிஞ்சி இலை எல்லாம் பச்சையாகவே மண்பானைக்குள் அடுக்கப்பட்டு, மூடியின் விளிம்பு மரவள்ளி மாவைக் குழைத்த பசையால் அடைக்கப்பட்டு, பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாகச் சிறு தீயில் வேகிறது. இடையில் எங்கேனும் ஆவி கசிந்தால் அந்த இடத்தில் மீண்டும் பசை பூசுவார்கள். இறக்கும்போது இறைச்சி நார்நாராகப் பிரிந்திருக்கும். கொதிக்கும் சாற்றை மரவள்ளி மாவின்மேல் ஊற்றிக் களிபோலக் கிளறி, வாழைப்பழத் துண்டுகளோடு உண்பது வழக்கம்.

போர்த்துக்கீசியத்தில் ‘பாரு’ என்பது களிமண். அதிலிருந்து பிறந்த வினைக்கு மண்ணால் பூசுதல் என்று பொருள். ‘பர்ரியாடோ’ என்றால் பூசப்பட்டது. உணவுக்குச் செய்ததை விட்டுவிட்டுப் பானையின் வாய்க்குச் செய்ததைப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்பதே இதில் கவனிக்க வேண்டியது.

சித்த மருத்துவத்தின் ‘சீலைமண்’ முதலில் என்னையும் ஈர்த்தது. ஆனால் அது அகல்களின் பொருத்துவாயில் மண் தோய்த்த துணியைச் சுற்றி, உள்ளிருக்கும் மருந்தைப் புடத்துக்கு, அதாவது நெருப்பில் சுடுவதற்கு, வைக்கும் முறை. இங்கே துணியே இல்லை. மேலும் பற்பம், செந்தூரம் போன்ற மருந்துப்பொடிகள் நினைவுக்கு வரும் சொல்லைச் சாப்பாட்டுப் பட்டியலில் வைத்தால் பசி எடுக்குமா என்பது ஐயமே. ‘வாய்ப்பூட்டுக் கறி’ என்பதோ பேச்சுரிமையைத் தடுக்கும் வாய்ப்பூட்டுச் சட்டத்தை நினைவூட்டுகிறது.

பொரியல், வறுவல், அவியல், துவையல் என நம் உணவுப் பெயர்கள் பல வினையடியோடு ‘அல்’ விகுதி சேர்ந்து பிறந்தவை. அவ்வழியே போனால் பூசு என்பது ‘பூசல்’ ஆகிச் சண்டையில் முடியும். தரையைச் சாணத்தால் மெழுகுவதும் அடுப்பை மண்ணால் மெழுகுவதும் நம் வழக்கில் இருப்பதால் ‘மெழுகல்’ என்பதையே நான் முன்வைக்கிறேன்: உணவுக்கு ‘மெழுகல் கறி’, அடைக்கும் முறைக்கு ‘வாய்மெழுகல்’. மெழுகு என்றதும் மெழுகுவத்தியை நினைப்பார்களே என்ற மறுப்பு எழக்கூடும். ‘அல்’ விகுதி அதை வினையென்று காட்டிவிடும் என்பது என் கருத்து. ‘குழம்பு’ என்ற சொல்லைத் தவிர்த்ததும் வேண்டுமென்றேதான். இதில் இறைச்சிதான் முதன்மை, சாறு அதிலிருந்து ஊறி வருவது.

மூலப்பெயரின் ஒலிபெயர்ப்பிலும் சிக்கல் உண்டு. பிரேசிலியர் பலரும் இரட்டை ரகரத்தை ஹகரம்போலவும் இறுதி ஓகாரத்தை உகரம்போலவும் ஒலிப்பதால் ‘பஹெயாது’ என்று எழுதுவதே ஒலிக்கு நெருக்கம்; ஆனால் அது தமிழில் எதிர்மறை வினைமுற்றுப்போல் ஒலிக்கிறது. ‘பஹெயாடு’ என்றால் மாட்டிறைச்சி உணவுக்குள் ஆடு புகுந்துவிடும். ஆகவே எழுத்தைப் பின்பற்றிப் ‘பர்ரியாடோ’ என்றே எழுதி, முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘மெழுகல் கறி’யை அடைப்புக்குறிக்குள் தரலாம். ‘மெழுகல்’ உங்கள் ஊர் வழக்கில் வேறு பொருளில் வழங்குமானால் தெரிவியுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.