கிளட்ச் மிதிக்காமல் கியர் போடுகிறார்களே, பல் போகாதா?

நடுராத்திரி_ஓட்டி:
ரேஸ் காருக்குள் எடுத்த வீடியோக்களைப் பார்க்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் கிளட்சைத் தொடுவதே இல்லை. லீவரை ஒரு இழு, அடுத்த கியர். என் காரில் ஒருமுறை முயன்றேன் (திட்டாதீர்கள்), கர்ரென்று கத்தியது. அவர்களுக்கு மட்டும் எப்படிப் பல் தாங்குகிறது?

வளைவு7:
ரேஸ் காரில் நேர்ப்பல் கியர், அதாவது பல் சாய்வில்லாமல் நேராக வெட்டியிருக்கும். அதனால்தான் அந்த ஊளைச் சத்தமும். அவ்வளவுதான்.

ஸ்பேனர்_கை:
ஊளைக்குக் காரணம் நேர்ப்பல், சரி. கியர் விழுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு வகைப் பெட்டியிலும் முன்கியர்களின் பற்கள் எப்போதும் கடித்தபடியேதான் சுற்றும். நகர்வது நடுவிலுள்ள வளையம். உங்கள் காரில் முதலில் சின்க்ரோ வளையம் உரசி இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும், அப்புறம்தான் பூட்டு விழும். அதற்கு அவகாசம் தராவிட்டால் கர்ர்.

ரேஸ் பெட்டியில் சின்க்ரோவே கிடையாது. பதிலுக்கு நாலைந்து தடித்த முட்டுகள், நடுவில் தாராளமான இடைவெளி. டாக் என்போம். வேகம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் இடைவெளியில் விழுந்து பூட்டிக்கொள்ளும். ஆனால் இழுவிசையில் இருக்கும் டாக் லேசில் கழலாது. அதனால் கை லீவரை இழுத்ததை சென்சார் உணர்ந்ததும் இக்னிஷன் ஒரு கணம் நின்று வரும், இழுவிசை தளர்ந்து டாக் கழலும். கியரைக் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு.

நான் ஒரு சின்ன டீமில் கியர்பாக்ஸ் பிரிப்பவன். புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர் வண்டிக்கு நோகுமே என்று மென்மையாகக் கியர் போடுவார். இரண்டாவது ரேஸிலேயே மூன்றாவது கியர் தானாகக் கழன்றது. ஆயில் வடிக்கும் காந்தத் திருகை எடுத்தால் இரும்புத் தூள் மீசை மாதிரி தொங்குகிறது. டாக் முனையெல்லாம் சப்பிய மிட்டாய். பாதி வழியில் தயங்கினால் தலையும் தலையும் மோதித் தேயும். கூட ஓட்டியவர் லீவரைப் பிடுங்கி எறிகிற ஆள். அவர் பெட்டியைத் துடைத்து அப்படியே பூட்டினேன்.

நடுராத்திரி_ஓட்டி:
அப்போ ஃபார்முலா 1-இலும் இதேதானா?

ஸ்பேனர்_கை:
டாக் அங்கேயும் உண்டு, தள்ளுவது மட்டும் ஹைட்ராலிக். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் பேடில் (விரலால் இழுக்கும் சின்ன லீவர்) வைத்து 1989-இல் ஃபெராரி கொண்டுவந்தது; பிரேசிலில் முதல் ரேஸையே அவர்கள் ஓட்டுநர் மேன்செல் ஜெயித்தார். அப்புறம் அந்த சீசன் முழுக்க வண்டி படுத்துப் படுத்து எழுந்தது வேறு விஷயம். இப்போது 8 கியர். பழைய கியர் விடுபடும் முன்பே அடுத்தது பிடித்துக்கொள்வதால் இழுவை அறுவதில்லை. ஆனாலும் கியர் மாற்றச் சொல்வது ஓட்டுநர்தான், தானாக மாறுவதற்கு விதி இடம் தராது.

வளைவு7:
நேர்ப்பல்லை வாபஸ் வாங்குகிறேன். அந்த மென்மை மனிதர் என்ன ஆனார்?

ஸ்பேனர்_கை:
இப்போது நன்றாகவே இழுக்கிறார். ரேஸ் கிளம்பும்போது மட்டும்தான் அவருக்கு கிளட்ச் வேலை, அதையும் பாசமாகப் பாதி மிதித்துக்கொண்டே நிற்கிறார். போன வாரம் கிளட்ச் மாற்றினேன்.